நடப்பவன் தலைவிதியா?

சென்னைப் பட்டணத்தில் ரோட்டைக் கடக்கும் ஒருவன் மோட்டாரில் அடிபட்டுச் செத்தால், கூடி நின்று பார்ப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "அவன் விதி முடிந்துவிட்டது" என்பதேயாகும். தோழர்களே! நடந்து போகிறவன் யார்மேலும் மோதி யாரையும் கொல்வதில்லை. அப்படியிருக்க, 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் ரோட்டு விபத்துக்களில் மாண்ட 1,68,491 பேர்களில் நடந்து போனவர்கள் 32,825 பேர் என்று சர்க்காரே கணக்கு வெளியிட்டிருக்கிறது. அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவன். இத்தனை பேர் மண்டையிலும் ஒரே எழுத்தை எழுதிய அந்தப் பிரம்மா யார் என்று கேட்கிறோம். நடைபாதைக்குப் பணம் ஒதுக்காமல் மேம்பாலத்துக்கு ஒதுக்கிக் கையெழுத்துப் போட்டவர்களே அந்தப் பிரம்மாக்கள்.

பட்டணத்தில் யார் எப்படிப் போகிறார்கள் என்று 2008-ல் கணக்கெடுத்தார்கள். நூறு பயணத்தில் சுமார் 28 கால்நடை, 6 சைக்கிள், 26 பஸ்; காரில் போவது 6 தான். பஸ்ஸுக்குப் போகிறவனும் இரண்டு பக்கமும் நடந்துதானே ஆகவேண்டும்? ஆனால் ரோடு யாருக்காக அகலமாக்கப்படுகிறது? அந்த ஆறு பேருக்காக.

"காரோட்டி வரி கட்டுகிறானே" என்பார்கள் சிலர். சோப்பும் தீப்பெட்டியும் வாங்குகிற கூலிக்காரன் வரி கட்டவில்லையா? அவன் பணத்தில் போட்ட ரோட்டில் அவனுக்கு ஆறடி இடம் கிடையாது. (நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டராவது இடம் வேண்டுமென்பது இந்திய ரோட்டு என்ஜினீயர்கள் தாங்களே எழுதிக்கொண்ட விதி. இந்த விதியைப் பற்றி மாத்திரம் யாரும் பேசுவதில்லை!)

இருக்கிற நடைபாதையும் நடக்கிறவனுக்கு மிஞ்சுகிறதா? ஒருபக்கம் டிரான்ஸ்பார்மர் பெட்டி, ஒருபக்கம் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள், நடுவில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி உண்டியல் வைத்த கோயில். பொதுத் தெருவில் புதிதாகக் கோயிலோ மசூதியோ சர்ச்சோ கட்ட விடக்கூடாதென்று 2009-லேயே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டாயிற்று. நடக்காத ஆண்டவனுக்கு நடைபாதையில் என்ன வேலை? காய்கறிக் கூடைக்காரியை விரட்ட ஓடிவரும் அதிகாரிகள், கற்பூரம் கொளுத்திய இடத்துக்கு வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

நிற்க, கார்ப்பரேஷன் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. போக்குவரத்துப் பணத்தில் நூற்றுக்கு 60 பங்குக்குக் குறையாமல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஆன வேலைகளுக்கே செலவிடுவது என்று 2014-ல் சென்னையில் ஒரு கொள்கையே ஏற்படுத்தினார்கள். மெச்சத்தகுந்த காரியம். 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையும் திறந்தார்கள். அதுவும் நல்லதே. ஆனால் புடவை வாங்க வருகிறவர்களுக்கு மாத்திரந்தானா கால்? வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் இருப்பவர்கள் பறந்தா போகிறார்கள்? எந்தத் தெருவில் அதிகம் பேர் நடக்கிறார்களோ, எந்த முனையில் அதிகம் பேர் அடிபடுகிறார்களோ, எந்தப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறார்களோ, அங்கேயல்லவா முதல் காசு போகவேண்டும்?

சைக்கிள் கதை இதைவிட வேடிக்கை. 2001 முதல் சர்க்காரே பள்ளிப் பிள்ளைகளுக்கு இனாமாகச் சைக்கிள் கொடுத்து வருகிறது. முதலில் ஆதிதிராவிடப் பெண் குழந்தைகளுக்கும், பிறகு எல்லா வகுப்பாருக்கும் கொடுத்தார்கள். சைக்கிளைக் கொடுத்த கை, அதை ஓட்ட நாலடி வழி கொடுக்க ஏன் நடுங்குகிறது? பெண்ணைச் சைக்கிளில் ஏற்றிவிட்டு, லாரிக்குப் பக்கத்தில் "பார்த்துப் போ" என்று அனுப்புவது என்ன தர்மம்?

பொதுத் தெருவில் நடக்க உரிமை வேண்டி 1924-ல் வைக்கத்தில் மனிதர்கள் சிறை போனார்கள். நடைபாதை மக்களின் உரிமை, உயிர் வாழும் உரிமையில் அதுவும் அடக்கம் என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆகவே இனிப் பிச்சை கேட்பதுபோல் கேட்க வேண்டியதில்லை. அந்த 60 பங்கு பட்ஜெட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதில் நம் தெருவுக்கு எவ்வளவு என்று உங்கள் வார்டு கவுன்சிலரைக் கேளுங்கள். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்துவதற்கு முன் கேளுங்கள்.