கருவிக்கும் ஓரிடம் வேண்டும்

புதிய கருவிகள் வேண்டுமென்ற கோரிக்கை எழாத பொதுக்குழு இல்லை. கவாத்துக் கத்தரி வேண்டும், ரம்பம் வேண்டும், மருந்து தெளிப்பான் வேண்டும் என்கின்றனர் அங்கத்தினர்கள். நியாயமான கோரிக்கைகளே. ஆனால் முன்னர் மானியத்தில் பெற்றவை இன்று எங்கே, எந்நிலையில் உள்ளன என்று கேட்டால் விடையளிக்கக்கூடிய பதிவேடு எத்தனை சங்கங்களில் உண்டு? வத்தல்மலையை முன்னிறுத்தி இதைப்பற்றி எமது கருத்தைக் கூற விரும்புகிறோம்.

தருமபுரியை அடுத்து, சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ளது அம்மலை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, கேழ்வரகு ஆகியவற்றோடு காப்பியும் மிளகும் பயிரிடுகின்றனர். சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடி. அம்மரத்தின் மீதே மிளகுக் கொடி. கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை ஏறிய பின்னர் சிரமம் பெரிதும் குறைந்துள்ளது. எனினும் கத்தரியின் வில் ஒடிந்தால் மாற்று வாங்கக் கீழே இறங்கத்தான் வேண்டும். வில்லின் விலை சிறிது. இழந்த நாளின் கூலி பெரிது.

காப்பியின் பருவத்தை நோக்குக. கார்த்திகை தொடங்கித் தை வரை அறுவடை. அது முடிந்து, பூமழைக்கு முன்னர், கவாத்து. ஆகவே பருவமழையும் மலைப்பனியும் ஈரத்தை நிறைக்கும் மாதங்களில்தான் கவாத்துக் கருவிகள் வேலையின்றி மூலையில் கிடக்கின்றன. மாசியில் எடுத்தால் துருவேறியிருக்கும். மழுங்கிய கத்தரி கிளையை வெட்டுவதில்லை. நசுக்கிப் பட்டையைக் கிழிக்கிறது. கிழிந்த காயம் எளிதில் ஆறாது. அந்த நட்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதுமில்லை.

மண்தரையில் சாத்திய மண்வெட்டி தரையின் ஈரத்தை வாங்குகிறது. சாக்கில் சுற்றி வைப்பது பாதுகாப்பென்று பலர் எண்ணுகின்றனர்; சாக்கு ஈரத்தைப் பிடித்து இரும்போடு அணைத்து வைக்கிறது. எல்லாவற்றிலும் கேடு உர மூட்டைக்கருகே வைப்பது. பொட்டாஷ் போன்ற உப்புகள் துருவை விரைவுபடுத்தும். அடுப்புக்கு மேலுள்ள பரணில் இடுவோர் துருவைத் தவிர்க்கின்றனர். ஆனால் காம்பு வற்றிச் சுருங்கித் தலை ஆடத் தொடங்குகிறது. அரிவாளைக் கூரையில் செருகும் பழக்கத்தைப் பற்றிக் குழந்தையுள்ள வீட்டாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

வேண்டுவது ஒரு பலகை, சில ஆணிகள், ஒரு கரித்துண்டு. பலகையைச் சுவரை ஒட்டாமல், தரைக்கு மேல், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் அறைக. ஒவ்வொரு கருவியையும் மாட்டி அதன் உருவைக் கரியால் வரைக. மாலையில் எது திரும்பவில்லை என்பதை வெற்றுருவம் காட்டிவிடும். விமானம் பழுது பார்க்கும் பட்டறைகளிலும் இவ்வழக்கம் உண்டு. மறந்த திருப்புளி எஞ்சினுக்குள் கிடந்துவிடலாகாதல்லவா! மாட்டுமுன் மண்ணைத் துடைத்து, எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை தடவினால் போதும்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. துருப்பிடித்த அச்சு துணியில் கறையிடும், முனை சிதைந்த நாடா பாவு நூலை அறுக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். தறிக்காரர் அச்சைப் பேணுவதுபோல் தோட்டக்காரர் கத்தரியைப் பேணுவதில்லை என்பதே எமது குறை. நூல் அறுந்தால் அப்போதே தெரிகிறது. செடி மெதுவாகத்தான் சொல்கிறது.

பொதுக் கருவிகளின் நிலை வேறு. தமிழக அரசு 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 விவசாயிகள் கொண்ட குழுவுக்குக் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. வாங்குவதற்குப் பணம் வந்தது. பேணுவதற்கு ஆள் யார்? பொதுச் சொத்து பாழாகும், அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்பாரும் உளர். மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் அது பொருந்தும். ஆண்டில் சில நாட்களே வேண்டப்படும் ரம்பத்தையும் தெளிப்பானையும் வீடுதோறும் வாங்குவது வீண் செலவு. அவற்றுக்குப் பூட்டுள்ள ஓர் அறையும், எடுத்தவர் பெயரும் திரும்பிய நாளும் எழுதும் ஏடும், பொறுப்பாளருக்குச் சிறு ஊதியமும் வேண்டும். ஊதியமின்றி எவரேனும் பார்த்துக்கொள்வார் என்று தீர்மானிக்கும் சங்கங்கள் சாவியையே தேட நேரிடும். தை மாதத்தில் கொல்லர் ஒருவரை மலைக்கு அழைத்து எல்லாக் கருவிகளையும் சாணை பிடிக்கச் செய்யும் செலவையும் சங்கமே ஏற்கலாம்.

புதிய கருவி கேட்கும் தீர்மானத்தோடு பழைய கருவிகளின் இருப்புக் கணக்கும் இணைக்கப்பட வேண்டுமென்று நிர்வாகக் குழுக்கள் விதி செய்யட்டும். அவ்விணைப்புடன் வரும் தீர்மானத்திற்கு முதலில் கை தூக்குவோர் நாமாகவே இருப்போம்.