செப்புக் குடமும் மாமாவின் அறிவுரையும்

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காக நாக்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். என் மகள் பந்தியில் உட்காராமல் ஒரு மணி நேரம் காத்திருந்தாள். மாத்திரை போட்டிருந்தாள், அதனால்தான்.

"நல்லாத்தானே இருக்கா, இன்னும் எதுக்கு மாத்திரை? இங்கிலீஷ் மருந்து சூடு. நிறுத்திட்டு செப்புக் குடத்துத் தண்ணி கொடு, எல்லாம் சரியாயிடும்" என்றார் என் மனைவியின் மாமா. சுற்றி இருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். அந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

என் மகளுக்கு இருப்பது வில்சன் நோய். 1912-ல் கின்னியர் வில்சன் என்ற மருத்துவர் விவரித்தது. சாப்பாட்டில் வரும் தாமிரத்தில் வேண்டியது போக மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். இவள் உடம்பில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. பேங்க் பாஷையில் சொன்னால், தினமும் டெபாசிட் வருகிறது, வித்டிராயல் கவுன்ட்டர் மூடிக்கிடக்கிறது. தாமிரம் முதலில் கல்லீரலில் சேரும், பிறகு மூளைக்கும் கண்ணுக்கும் போகும். அவளுக்கு 11 வயதில் மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி கொடுத்தோம். கையெழுத்து கோணியபோதுதான் சந்தேகம் வந்தது. அதற்குள் எட்டு மாசம் வீணாகிவிட்டது. அது என் தப்பு.

இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் செப்புக் குடத்துத் தண்ணீரா மாமா? உங்களுக்கு அது ஆரோக்கியமாக இருக்கலாம். இவளுக்கு அது விஷம்.

1956-ல் ஜான் வால்ஷ் என்பவர்தான் இந்த நோய்க்குப் பெனிசிலமைனைக் கொண்டுவந்தார். அது தாமிரத்தைப் பிடித்து சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. மூடிய கவுன்ட்டருக்குப் பதிலாகப் பின்பக்கம் திறந்த கதவு. "நல்லாத்தானே இருக்கா" என்கிறீர்கள். மாத்திரை போடுவதால்தான் நல்லா இருக்கிறாள்! நிறுத்தினால் சில மாசத்திலேயே கல்லீரல் செயலிழந்து போகலாம். இது ஆயுளுக்கும் கட்ட வேண்டிய தவணை.

வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரண்டு மணி நேரம் பின்பு. சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. "கொஞ்சம் பாயசம் சாப்பிட்டா என்ன?" என்று கெஞ்சுவது அன்பில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் வயிற்றெரிச்சல் மருந்தும் இதோடு சேரக்கூடாது. "ரத்தம் கம்மியா இருக்கா" என்று நீங்களாக டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள், சிலதில் தாமிரமே இருக்கும். பெயரைப் பார்த்துப் பென்சிலின் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு. ஒரு மருந்துக்கடையில் அப்படித்தான் மாற்றி எடுத்து நீட்டினார்கள். அன்றிலிருந்து அட்டையில் உள்ள பெயரை இரண்டு தடவை படித்த பிறகுதான் காசு கொடுக்கிறேன்.

பக்கவிளைவு இல்லையா? உண்டு, மறைக்கவில்லை. ஆரம்ப வாரங்களில் காய்ச்சல், தடிப்பு வரலாம். சிறுநீரில் புரதம் போகலாம், ரத்த அணுக்கள் குறையலாம். நரம்புப் பாதிப்பு உள்ள சிலருக்கு முதலில் நிலைமை மோசமாவதும் உண்டு. அதற்குத்தான் ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் தவறாமல் செய்கிறோம். கூடவே பைரிடாக்சின் மாத்திரையும் தருகிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். அதை டாக்டர் முடிவு செய்யட்டும், பந்தி வேண்டாம்.

ஊருக்குக் கிளம்பினால் பத்து நாள் பயணத்துக்கு இருபது நாள் மாத்திரை எடுத்துக்கொள்கிறோம், அதுவும் கைப்பையில். சின்ன ஊர்களில் சட்டென்று கிடைக்காது.

இன்னொன்று. நான் கட்டியது அத்தை மகளை. அப்பா, அம்மா இருவரிடமும் அந்தப் பழுதுபட்ட மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால் கூடப் பிறந்தவர்களுக்கு அறிகுறியே இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும். என் மகனுக்குப் பார்த்துவிட்டோம், நோய் இல்லை. "அது நம்ம குடும்பத்துல கிடையாது" என்று மூடி மறைப்பவர்களிடம் சொல்கிறேன்: மறைத்து வைத்த கடன் வட்டியோடுதான் திரும்பி வரும்.

அடுத்த தடவை நாங்கள் வரும்போது அறிவுரை வேண்டாம் மாமா. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுங்கள். அது போதும்.