ஏறி உட்காராத வண்டி

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், தொண்டை நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஓர் இடம் வருகிறது. தச்சர் செய்து தந்த சிறுதேரைத் தளர்நடையில் உருட்டிக் களைத்தவர்கள், பால் குடித்து உறங்கிப்போகிறார்கள். அந்தத் தேர் ஏறி ஊர்வதற்கானதல்ல என்பதையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மறக்காமல் சொல்கிறார். நடைவண்டியின் இலக்கணமே அதுதான். வண்டியைத் தள்ளும் குழந்தை தன் காலில் நிற்கிறது. இன்று அதே காஞ்சியில் நடை பழகும் வயதுக்கு வாங்கப்படுவது, நடுவில் துணி இருக்கை தொங்கும் பிளாஸ்டிக் வாக்கர். அதைக் கைவிட்டு மூன்று சக்கர மர நடைவண்டிக்குத் திரும்புவதே நல்லது என்பதற்கு, பழமைப் பற்றைவிட வலுவான காரணம் மருத்துவத்தில் இருக்கிறது.

கனடா 2004இல் வாக்கர் விற்பனையை அடியோடு தடை செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் தன் நாட்டில் தடை கோரிவருகிறது. 1990 முதல் 2014 வரை வாக்கரால் காயம்பட்டு அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த, 15 மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 2,30,000 பேர் என்று 2018இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. நான்கில் மூன்று பேர் படிக்கட்டில் விழுந்தவர்கள். இந்தக் கணக்கைக் காஞ்சியின் ஒரு நெசவாளர் வீட்டில் வைத்துப் பாருங்கள். வாசலில் திண்ணையும் படியும். உள்ளே குழித்தறி இருந்தால், கால் மிதிக்கும் குழி. நிற்கவே தெரியாத குழந்தையை, பெரியவர்கள் எட்டிப் பிடிப்பதற்குள் அந்தக் குழியருகே கொண்டுசேர்த்துவிடும் வேகம் வாக்கருக்கு உண்டு. இருக்கையில் தொங்கியபடி நுனிக்காலால் உந்திப் பழகும் பிள்ளைக்குத் தன் எடையைத் தானே தாங்கி, விழாமல் சமாளிக்கும் பயிற்சியும் கிடைப்பதில்லை.

நடைவண்டி மட்டும் கவிழாதா என்று கேட்பார்கள். கவிழும், வழவழப்பான டைல்ஸ் தரையில் கைமீறி ஓடவும் செய்யும். அதனால்தான் அடிப்பலகை கனமாகவும், சக்கரம் அச்சில் சற்று இறுக்கமாகவும் இருக்க வேண்டும். குழிக்கும் படிக்கும் தடுப்பு வைத்து, பெரியவர் ஒருவர் கூடவே இருப்பதும் அவசியம். சிராய் குத்தும் என்ற பயத்துக்கு உப்புத்தாள் போதும். விளிம்புகளை மழுக்கித் தேய்த்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் குழந்தை வாய் வைக்கும் கைப்பிடிக்குப் பெயின்டே வேண்டாம்.

செய்ய ஆள் ஏது என்பது காஞ்சியில் எடுபடாத கேள்வி. தறிச் சட்டத்தைப் பிசகாமல் பொருத்தத் தெரிந்த தச்சருக்கு ஒரு பலகையும் கைப்பிடியும் மூன்று சக்கரங்களும் பெரிய வேலையல்ல. தரமுத்திரை இல்லாமல் பொம்மை விற்க முடியாது என்ற 2021 முதலான விதியிலும், கைவினைஞராக மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு செய்தவர்களுக்கு விலக்கு இருக்கிறது. காஞ்சிபுரத்துத் தச்சர்களை அந்தப் பதிவில் சேர்த்து, அங்கன்வாடிக்கு ஒன்றாவது அவர்களிடம் செய்து வாங்குவதை மாவட்ட நிர்வாகம் இந்த ஆண்டே தொடங்கலாம்.