தங்க ரோஜாவும் தஸ்தாவேஜும்

பழைய தஸ்தாவேஜு என்றாலே நமக்கு அலுப்புத்தான். பீரோவின் அடித்தட்டில் துணியில் சுற்றி வைத்து, கறையான் அரிக்கவில்லையே என்று வருஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பதோடு சரி. கதை என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவோம், இல்லையா? ஆகவே, வாசக சகோதரிகளே, இந்த வாரம் ஒரு கதையையும் சொல்கிறேன். அதே விஷயத்தைப் பற்றித் தஸ்தாவேஜு சொல்லும் சேதியையும் சொல்கிறேன். எது உயர்த்தி என்று நீங்களே தீர்மானியுங்கள்.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். லிவிவ் என்ற நகரம் இன்று உக்ரேன் நாட்டில் இருக்கிறது. நானூறு வருஷங்களுக்கு முன்பு போலந்து ராஜாவின் ஆளுகையில் இருந்த பெரிய வியாபாரப் பட்டணம் அது. போலந்துக்காரர், ஜெர்மானியர், ஆர்மீனியர், ருத்தேனியர், யூதர் என்று பல ஜனங்கள் அங்கே வாழ்ந்தார்கள். யூதர் தெரு கோட்டை மதிலை ஒட்டிய ஒரு மூலையில் இருந்தது. யூதர்கள் பொதுவாக நகரசபையின் அதிகாரத்துக்கு அடங்கியவர்கள் அல்ல. ராஜப் பிரதிநிதிதான் அவர்களுக்கு மேலதிகாரி. ஆனால் மனை வாங்கினாலும், ஊராரோடு கொடுக்கல் வாங்கல் வைத்தாலும், வழக்கு என்று வந்தாலும், பதிவேட்டில் ஏறாமல் முடியுமா? அந்தப் பதிவேடுகளில்தான் அவர்கள் வாழ்க்கை ஒளிந்து கிடந்தது.

அந்தத் தெருவில் ஈசாக்கு நாக்மனோவிச் என்ற பெரிய தனவந்தர் இருந்தார். 1580-ல் மனை வாங்கி, இத்தாலியக் கொத்தனாரைக் கொண்டு, 1582-ல் ஓர் அழகான ஜெப ஆலயத்தைக் கட்டி முடித்தார். 1595-ல் பெண்கள் உட்கார்ந்து தொழுவதற்கென்று தனி மாடமும் சேர்ந்தது. அவருடைய மருமகள்தான் ரோசா.

இனிமேல் கதை. ஆலயம் இருந்த மனை தங்களுக்குச் சேர வேண்டும் என்று ஏசு சபைப் பாதிரிமார்கள் பிடித்துக்கொண்டார்களாம். யூதர்கள் கெஞ்சியும் பலிக்கவில்லை. ரோசாவே நேரில் வந்து கேட்டால் தருகிறேன் என்றாராம் பெரிய குரு. அவள் போனாள். அவள் அழகைக் கண்டு மயங்கிய குரு, அவள் தன்னிடமே தங்கிவிட வேண்டும் என்றாராம். ஆலயத்தைத் திருப்பிக் கொடுக்கும் பத்திரத்தை வாங்கித் தன் ஜனங்களுக்கு அனுப்பிவிட்டு, அவள் உயிரை மாய்த்துக்கொண்டாளாம்! அன்று முதல் அந்த ஆலயத்துக்கே 'தங்க ரோஜா' என்று பெயர் வந்ததாம்.

கண் கலங்குகிறது, இல்லையா? இப்போது தஸ்தாவேஜைக் கேளுங்கள். வழக்கு நடந்தது நிஜம். ஆலயம் கைவிட்டுப் போனதும் நிஜம். ஆனால் மீட்டது பணம்! 1609-ல் யூதர்கள் பெருந்தொகை கொடுத்து அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆனந்தத்தில் அவர்களுடைய குரு ஒரு மீட்புப் பாடல் இயற்றினார். பூரிம் பண்டிகையை அடுத்த ஓய்வுநாளில் வருஷந்தோறும் அதைப் பாடினார்கள். ரோசாவோ அதற்குப் பிறகும் 28 வருஷங்கள் இருந்து, 1637-ல்தான் காலமானாள்.

இதையெல்லாம் தூசி தட்டி எடுத்தவர் மாயர் பலபான் என்ற சரித்திர ஆசிரியர். 1877-ல் அதே ஊரில் பிறந்தவர். நகரத்தின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, அக்காலத்து லிவிவ் யூதர்களைப் பற்றி 1906-ல் பெரிய புத்தகம் வெளியிட்டார்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. நாஜிகள் வந்தார்கள். வார்ஸாவில் யூதர்களை மதிலுக்குள் அடைத்து வைத்த பகுதியில், 1942-ல் பலபான் மாண்டார். 1943-ல் தங்க ரோஜா ஆலயம் இடிந்தது. லிவிவில் இருந்த லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களில் தப்பியவர்கள் மிகச் சிலரே. ரோசா துயின்ற பழைய இடுகாடும் அழிந்தது. ஆலயம் இருந்த இடத்தில் ஒரு சிதைந்த சுவர் நிற்கிறது. அதன் பக்கத்தில் 2016-ல் ஒரு நினைவிடம் அமைத்திருக்கிறார்கள்.

மனிதர்கள் போய்விட்டார்கள், ஆனால் அவர்கள் மனை வாங்கியதும், வழக்காடியதும், விடாப்பிடியாக மீட்டதும் காகிதத்தில் இருக்கின்றன. கதை ரோசாவைத் தியாகியாக்கிச் சாகடித்துவிட்டது. அலுப்பூட்டும் தஸ்தாவேஜுதான் அவளை வயசு காலம் வரை வாழ வைத்திருக்கிறது! பெண் என்றால் உயிரைக் கொடுத்தால்தான் பெருமை என்று யார் சொன்னது? இருந்து வாழ்ந்ததும் பெருமைதானே!

அடுத்த முறை பீரோவைத் துடைக்கும்போது, அந்தத் துணி மூட்டையைக் கொஞ்சம் பிரித்துத்தான் பாருங்களேன்.