வினாவும் ஏவலும்

அறிதற்குரிய உரிமை வேறு. மாற்றுதற்குரிய உரிமை வேறு. நம் சேலம், நாமக்கல் நாட்டார்க்கு இதனை விளக்க மேட்டூர் அணை ஒன்றே சாலும். 1934ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வணையின் நீர்மட்டம், முழு அளவாகிய 120 அடியில் எத்துணை என்பதை யாவரும் செய்தித்தாளிற் காண்கின்றனர். ஆயின் மதகைத் திறக்கும் அதிகாரம் யாவர்க்கும் உளதோ? இன்று, இருத்தலும் தகாது.

கணினி வலையமைப்பிற்கும் இம்முறையே வேண்டற்பாலது. ரூட்டர், சுவிட்சு முதலிய கருவிகளைத் தொலைவிலிருந்தே மேற்பார்த்தற்கு எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை 1988ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் தொழில்களுள் 'கெட்' என்பது வினா: எத்துணைக் காலமாக இயங்குகின்றாய், எந்தப் போர்ட்டில் எவ்வளவு தரவு சென்றது என்று கருவியைக் கேட்பது. 'செட்' என்பது ஏவல்: இதனை இவ்வாறு மாற்றுக என்பது. 'டிராப்' என்பது கேளாமலே கருவி விடுக்கும் செய்தி. வினா ஆறனுள் ஏவல் வினாவையும் ஒன்றாக நன்னூலார் அடக்கினார். இலக்கணத்தில் அஃது அமையும். வலையமைப்பிலோ வினாவுக்கும் ஏவலுக்கும் இடையே வலிய கதவு வேண்டும். ஒரு போர்ட்டின் நிலையைக் குறிக்கும் எண்ணை 1 என்பதிலிருந்து 2 என்று மாற்றினால் போதும். அப்போர்ட்டு அடைபட்டு, அதனை நம்பிய இணைப்பு அறும்.

அக்கதவைக் காப்பது யாது? முதற்பதிப்பிலும், பெருவழக்கான இரண்டாம் பதிப்பிலும் ஒரு சொல்லே. படித்தற்குப் 'பப்ளிக்', மாற்றுதற்குப் 'பிரைவேட்' என்னும் சொற்கள் பல கருவிகளில் தொடக்கத்திலேயே அமைந்து வந்தன. அச்சொல்லும் மறைவின்றியே வலையில் செல்லும். ஊரறிந்த மந்திரம் காவலாகுமோ? 2018 ஏப்ரலில் அமெரிக்க, பிரிட்டானிய அரசுகள் கூட்டாக விடுத்த எச்சரிக்கையில் இக்குறையும் சுட்டப்பட்டது. ஆளை உறுதிசெய்தலும் செய்தியை மறைத்தலும் உடைய மூன்றாம் பதிப்போ 2002ஆம் ஆண்டிலேயே முழுத்தர நிலை எய்தியது.

'சிற்றூர் வலையை யார் நாடுவர்?' என்பாரும் உளர். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடியிழையால் இணைக்கும் நோக்குடன் வகுக்கப்பட்டது பாரத்நெட் திட்டம். சான்றிதழும் உதவித்தொகையும் இணையவழி வேண்டப்படும் இந்நாளில் சிற்றூரின் இணைப்பு சிறிய பொருளன்று. பகைவர் வந்துதான் கெட வேண்டும் என்பதுமில்லை. உரிமை மிகுந்த கையின் ஒரு பிழையே அமையும்.

ஆதலின் கல்லூரியாயினும் ஊராட்சியாயினும் செய்யத்தக்கன இவை: தொடக்கச் சொற்களை அகற்றுக, மூன்றாம் பதிப்பைக் கைக்கொள்க, படிக்கும் உரிமையை வேண்டுவார்க்கு வழங்குக, மாற்றும் உரிமையைச் சிலர்க்கே தந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்க. அச்சிலரும் தம்மை உடையவராக எண்ணாது, கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்ட உக்கிராணக்காரராக எண்ணுவாராக.