வால் முளைத்த 'என்'

பௌர்ணமி நாளான போயா தினங்களில் மாத்தளை நகரில் விடியுமுன்பே ஒலிபெருக்கியில் பாளி மொழியில் பௌத்தப் பிரித் ஓதும் சத்தம் கேட்கும். பாளி தெரியாத என் காதுக்கும் ஒன்று பிடிபடும்: புத்தங், தம்மங், சங்கங் என்று சொல்லுக்குச் சொல் மூக்கொலியில் போய் முடிகிறது. அந்த 'ங்'குக்கு ஆங்கில நெடுங்கணக்கில் தனி எழுத்து கிடையாது. 'என்'னையும் 'ஜீ'யையும் சேர்த்து எழுதிச் சமாளிக்கிறார்கள்.

இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்தபோது பாளி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் பாளி நூற் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் வில்லியம் ஸ்டீடும் தொகுத்து 1921 முதல் 1925 வரை வெளிவந்த பாளி-ஆங்கில அகராதியைப் புரட்டினால், இந்த ஒலிக்கென்றே ஓர் எழுத்து நிற்கும். சிறிய 'என்'னின் வலக்கால் வரிக்குக் கீழே இறங்கி இடப்பக்கமாகக் கொக்கி போட்டிருக்கும். பெயர் 'எங்'.

அது பாளிக்காகப் பிறந்ததல்ல. ஆங்கில இலக்கணம் எழுதிய அலெக்சாண்டர் கில் 1619இலேயே அதைக் கையாண்டார். பெஞ்சமின் பிராங்ளின் 1768இல் வகுத்த புது நெடுங்கணக்கிலும் இந்த ஒலிக்குத் தனி எழுத்து உண்டு. ஆங்கிலம் இருவர் சொல்லையும் கேட்கவில்லை. அதனால்தான் பாடகரைக் குறிக்கும் 'சிங்கர்', விரலைக் குறிக்கும் 'ஃபிங்கர்' இரண்டிலும் நடுவே ஒரே எழுத்துகள். முதலாவதில் ஒலிப்பது 'ங' மட்டும். இரண்டாவதில் 'க'வும் கூட வரும். எழுத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கானாவின் எவே, செனகலின் வோலோஃப், வட ஐரோப்பாவின் சாமி மொழிகள் 'எங்'கைத் தமதாக்கிக்கொண்டன.

பாளிக்கே திரும்பினால், வாய்வழி வந்த பௌத்த மறையான திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் ஏடேறியது எங்கள் மாத்தளை அலுவிகாரையில் என்பது மரபு. இன்றும் அங்கே ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணி கீறும்போது ஒன்றும் தெரியாது. கரி மை தேய்த்துத் துடைத்ததும் எழுத்து கறுப்பாக எழும்பும். சிங்களத்தில் 'லங்கா' என்று எழுதினால் அந்த 'ங்' ஒரு குட்டி வட்டம்.

நமக்கு 'ங' முழு எழுத்தாகவே இருக்கிறது. ஆனாலும் பாலர் வகுப்பில் அந்த வரிசையை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம் என்பது எனக்குப் பெரிய மனக்குறை. 'அங்ஙனம்' என்று பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்ல வைக்கலாம். மூக்கின் மேல் விரல் வைத்துச் சொன்னால் அதிர்வு விரலிலேயே தெரியும்.