விற்ற பின் எந்திரம் யாருடையது?

எந்திரங்களைப் பற்றிய எழுத்து இரண்டு வகைப்படும். ஒன்று, செய்தவர் எழுதுவது. அதில் எண்கள் நிறைந்திருக்கும். அத்தனை எண்களும் எந்திரத்தின் முதல் நாளுக்கு உரியவை. மற்றொன்று, வாங்கியவர் எழுதுவது. அதில் காலம் இருக்கும். தேய்மானமும் பழக்கமும் சலிப்பும் பற்றும் இருக்கும். முதலாவதைப் படித்து ஒரு பொருளை வாங்குகிறோம். இரண்டாவதைக் கொண்டுதான் அதனோடு வாழ்கிறோம். இந்த இரண்டாம் வகை எழுத்து வெறும் ரசனைக் குறிப்பாக நின்றுவிடாமல் அறிவாக வளரவேண்டுமெனில், எந்திரத்தின் உள்விவரங்கள் உடைமையாளருக்குக் கிடைத்தாக வேண்டும் என்பது எங்கள் கருத்து. இதற்கு டெஸ்லா ரோட்ஸ்டரை விடப் பொருத்தமான சான்று வேறில்லை.

2008 முதல் 2012 வரை ஏறத்தாழ 2,450 ரோட்ஸ்டர்கள் விற்பனையாயின. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்து எலிஸ் காரின் அலுமினியச் சட்டகத்தைத் தழுவி, மேலே கரியிழை உடலைப் போர்த்தி, உள்ளே மூன்று கட்ட மின்தூண்டல் மோட்டாரை வைத்தார்கள். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.9 விநாடி. ஒருமுறை மின்னேற்றினால் அமெரிக்க அரசின் அளவீட்டின்படி 393 கிலோமீட்டர். மின்வாகனம் என்றாலே மெதுவாக ஊரும் பொம்மை வண்டி என்றிருந்த எண்ணத்தை உடைக்க இந்த இரண்டு எண்களே போதுமானவையாக இருந்தன.

ஆனால் ஓட்டியவர்கள் வியந்து பேசியது வேறொன்றைப் பற்றி. பெட்ரோல் எஞ்சின் குறிப்பிட்ட சுழல்வேகத்தை எட்டினால்தான் தன் முழு முறுக்குவிசையைத் தரும். அந்த வேகத்தில் அதைத் தக்கவைக்கவே கியர்கள். தூண்டல் மோட்டாரோ முதல் சுழற்சியிலேயே முழு விசையையும் தந்துவிடும். மிதித்த கணத்தில் முதுகு இருக்கையில் அழுந்தும். இடையில் எந்தத் தயக்கமும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் இந்தக் காருக்கு இரண்டு கியர்களே திட்டமிடப்பட்டிருந்தன. மோட்டாரின் விசையை அந்தக் கியர்பெட்டி தாங்கவில்லை. முதலில் கைக்கு வந்த சில கார்கள் இரண்டாம் கியரிலேயே பூட்டப்பட்டு ஓடின. பிறகு மின்னணுப் பகுதியைத் திருத்தி, ஒற்றைக் கியரைப் பொருத்தினார்கள். உடைமையாளர்கள் பெரிதும் கொண்டாடிய அந்தத் தடையற்ற ஓட்டம் ஒரு பொறியியல் தோல்வியின் பிள்ளை.

குறைகளையும் அவர்கள் மறைக்கவில்லை. கதவின் கீழ்விளிம்பு உயரம். உள்ளே நுழைவதே ஓர் ஆசனப் பயிற்சி. ஸ்டியரிங்குக்கு மின்துணை இல்லாததால் நிறுத்துமிடத்தில் தோள் வலிக்கும். அதேசமயம், காலை எடுத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறி வண்டியை மெல்ல இழுத்து நிறுத்துவதும், பிரேக்கை மறந்துவிடும் அளவுக்கு அது பழகிப்போவதும் எந்த விளம்பரத்தாளையும்விட அவர்கள் சொல்லித்தான் நன்கு விளங்கியது.

நிற்க. இந்தக் காரின் உண்மையான கதை இருக்கைகளுக்குப் பின்னால், சுமார் 450 கிலோ எடையுள்ள பெட்டிக்குள் இருக்கிறது. காரின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது. மடிக்கணினிகளில் இருந்ததைப் போன்ற 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லித்தியம் அயனி மின்கலங்கள் 6,831. அறுபத்தொன்பது கலங்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒரு செங்கல். ஒன்பது செங்கற்கள் ஒரு தட்டு. பதினொரு தட்டுகள் ஒரு பெட்டி. ஆக, 99 செங்கற்கள் தொடரிணைப்பில் கைகோத்து நிற்கின்றன. தொடரிணைப்பின் விதி இரக்கமற்றது: ஆகப் பலவீனமான செங்கல் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மொத்தப் பெட்டியும் தாங்கும். 98 செங்கற்கள் நலமாக இருந்தும் ஒன்று நலிந்தால் பயண தூரம் குறையும். எனவே இந்தக் காரை வைத்திருப்பவருக்கு எந்தச் செங்கல் நலிகிறது என்று அறிவது, நோயாளி தன் இரத்த அழுத்தத்தை அறிவதைப் போன்றது.

இந்த அறிவை உடைமையாளர்கள் தாமே திரட்டினார்கள். பிளக் இன் அமெரிக்கா என்ற அமைப்பு அவர்கள் அனுப்பிய பதிவுகளைத் தொகுத்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு லட்சம் மைல் ஓடிய பிறகும் சராசரியாக 80 முதல் 85 விழுக்காடு கொள்திறன் எஞ்சியிருக்கும் என்பது அதன் முடிவு. ஐயப்பட்டவர்களுக்கு அது பதிலாயிற்று. அந்தப் பதிலைத் தந்தவர்கள் வாங்கியவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

மறுபக்கமும் உண்டு. மின்னிணைப்பின்றி நெடுநாள் நிறுத்தப்பட்ட சில கார்களின் மின்கலங்கள் முற்றிலும் வடிந்து மீளமுடியாமல் போயின என்ற செய்தி 2012 பிப்ரவரியில் வெளியாயிற்று. மாற்றுவதற்குச் சுமார் 40,000 டாலர் செலவு என்று கூறப்பட்டது. எப்போதும் மின்னிணைப்பில் வைக்குமாறு கையேட்டில் எச்சரித்திருக்கிறோம் என்றது நிறுவனம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு காரின் விலையைத் தலைப்பில் எழுதிவிட்டு, அதன் மரணம் எப்படி நேரும் என்பதைக் கையேட்டின் உட்பக்கத்தில் எழுதுவது நேர்மையான உரைநடை அல்ல.

நிறுவனத்துக்குரிய நியாயத்தையும் சொல்லவேண்டும். உற்பத்தி முடிந்த பின்னும் 2014 டிசம்பரில் கூடுதல் திறனுள்ள மின்கலப் பெட்டியை அது அறிவித்தது; 29,000 டாலர் விலையில் அது வழங்கப்பட்டது. 2023 நவம்பரில், தன்னிடமிருந்த ரோட்ஸ்டர் வடிவமைப்பு ஆவணங்களைப் பொதுவில் வைத்தது. பெரும்பாலான கார் நிறுவனங்கள் செய்யாத காரியம். பாராட்டுகிறோம். ஆயினும் இது உற்பத்தி நின்று பதினொரு ஆண்டுகள் கழித்து வந்த கொடை என்பதையும் மறக்கலாகாது. கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது கொடை. கேட்காமலே கிடைக்கவேண்டியது உரிமை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். 375 வோல்ட் மின்னழுத்தம் உயிரைக் குடிக்கும். பயிற்சியற்ற கைகளில் அந்த விவரங்களைக் கொடுக்கலாமா? ஆபத்து உண்மைதான். ஆனால் கார் பழுதானால் யாரோ ஒருவர் அதைத் திறக்கத்தான் போகிறார். வரைபடத்தோடு திறப்பவரா, வரைபடமின்றித் திறப்பவரா, யாருக்கு ஆபத்து அதிகம்? தொழில் இரகசியம் என்ற வாதமோ, செய்வதையே நிறுத்திவிட்ட ஒரு பொருளுக்குப் பொருந்தாது.

எங்கள் எதிர்பார்ப்பு எளியது. மின்கலத்தின் உடல்நிலையை உடைமையாளர் எவர் அனுமதியுமின்றிப் படிக்க முடியவேண்டும். எது மின்கலத்தைக் கொல்லும் என்பதை விற்கும்போதே வாய்விட்டுச் சொல்லவேண்டும். உற்பத்தி நின்ற அன்றே பழுதுநீக்கும் ஆவணங்கள் வெளிவரவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய மின்கலச் சட்டம், 2027 பிப்ரவரி முதல் மின்வாகன மின்கலம் ஒவ்வொன்றுக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு வேண்டும் என்கிறது. சரியான திசையில் ஓரடி.

2018 பிப்ரவரி 6 அன்று ஈலான் மஸ்க் தம் சொந்த ரோட்ஸ்டரை ஃபால்கன் ஹெவி ஏவுகலத்தில் வைத்து விண்ணுக்கு அனுப்பினார். உலகம் அதிகம் அறிந்த ரோட்ஸ்டர் அதுதான். அதற்கு மின்னேற்ற வேண்டியதில்லை, பழுது பார்க்க வேண்டியதில்லை. பூமியில் தங்கிவிட்டவற்றுக்கு இரண்டும் வேண்டும். அவற்றைக் காப்பாற்றிவருகிறவர்களின் குறிப்பேடுகளே அந்தக் காரைப் பற்றிய நம்பத்தக்க இலக்கியம்.